அலாம் பார்க்கப் போன வீடு

கியூபெக் பக்கம் காடு எரிந்து, ரொறன்ரோ முழுவதையும் புகை மூடிய கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானத்திலேயே சூரியனைக் கண் கூசாமல் பார்க்கலாம். அணையப் போகிற தணல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்குப் போட்டுவிட்டு மேசை லாச்சியில் எறிந்த மாஸ்க்குகளைச் சனம் தேடி எடுத்துத் திரும்பப் போட்டது. நான் சொல்லப்போவது அந்தக் கோடை முடிந்து, மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கின நாட்களில் நடந்தது.

எனக்கு வருடக்கணக்கு வராது. படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் ஆட்டோடு போய்விடுவேன். அதனால் எல்லாவற்றையும் இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். சென் ஜேம்ஸ் ரவுணில் லிஃப்ற் பழுதாகி, வயிற்றுப் பிள்ளையோடு என் மனைவி படியில் குந்திக் குந்தி மேல்மாடிக்கு ஏறின குளிர்காலம் என்றால், அது மூத்தவள் பிறந்த வருடம். நகரம் முழுவதும் கரண்ட் போய், உருகிப்போகுமென்று கடைக்காரர்கள் ஐஸ்கிறீமைச் சும்மா கொடுத்த கோடை என்றால், நாங்கள் ஸ்காபரோவுக்கு வீடு மாறின வருடம். புகைக் கோடையை மட்டும் நான் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. அந்தப் புகையால்தான் இந்தக் கதையே வந்தது.

நாங்கள் இருக்கிற வீடுகளுக்குத் தனி முதலாளி கிடையாது. ஒன்றோடு ஒன்று ஒட்டினபடி மூன்று வரிசை வீடுகள். இருக்கிற சனமே சேர்ந்து நடத்துகிற கூட்டுறவு. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி ஐந்து பேரைத் தெரிவு செய்வோம். அதற்குத்தான் போர்ட் என்று பெயர். சின்ன ஊர் ஒன்றின் கிராமச் சபை என்று நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு முன்னால் பனியை யார் தள்ளுவது, குப்பைத் தொட்டி மூடியை இரவில் திறக்கிற றக்கூனை என்ன செய்வது, ஒருவர் வேலியில் படர்ந்த பாவற்கொடி அடுத்தவர் பக்கம் காய்த்தால் காய் யாருக்கு, இவைதான் எங்கள் வழக்குகள். உடுப்புத் தோய்க்கிற மெசின்களுக்குப் பக்கத்து அறையில் கூடுவோம். மெசின் பலமாகச் சுற்றினால் மேசை ஆடும். அது நிற்கும்வரை ஒருவரும் கதைக்க முடியாது.

என்னைப் போர்ட்டில் போட்டது தலைவி. ஜமெய்க்காவில் பிறந்தவர், முப்பது வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாதி வீடுகளில் தமிழர் இருக்கிறார்கள், ஆனால் போர்ட்டில் ஒரு தமிழர்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்தபடி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டில ஒரு பல்ப் மாத்த ஆளைக் கூப்பிடுறவர், இப்ப ஊருக்கெல்லாம் டிரெக்டர். டிரெக்டர் ஐயாவுக்குத் தேத்தண்ணி எங்க கொண்டுவந்து வைக்க?"

"விசர்க்கதை கதையாதையும். அங்க சும்மா போய் இருக்கிறதுதான் வேலை."

"கையெழுத்து வைக்கச் சொன்னா வாசிக்காம வையாதேங்கோ."

"வாசிச்சா மட்டும் என்ன, விளங்கவே போகுது?"

சும்மா போய் இருக்கிறதுதான் வேலை என்று நானும் நம்பினேன். முதல் குளிர்காலத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. நடுவரிசையில் ஒரு குடும்பம் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றை மூன்று நான்கு வெளியாட்களுக்குக் களவாக வாடகைக்கு விட்டிருந்தது. எங்கள் சட்டம் இதுதான்: வெளியாள் யாரும் சில கிழமைக்கு மேல் தங்குவதென்றால் போர்ட்டிடம் கேட்க வேண்டும். கேட்காமல் வைத்திருந்தால் வீட்டையே இழக்க நேரும். அவர்கள் கேட்கவில்லை, எச்சரித்தும் நிறுத்தவில்லை. ஒரு கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை ட்ரக் வந்து நின்றது. பனிக்குள் அவர்களுடைய நீலச் சோபா கொஞ்ச நேரம் தனியாகக் கிடந்தது. அதன்மேல் பனி விழுந்து நிறைந்ததை யன்னலால் பார்த்தேன். செய்தது சரியான காரியம்தான். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கை பாரமாக இருக்கும்.

இனிப் புகைக்கு வருகிறேன். அந்தப் புகை நாட்களில் சனம் பயந்து போர்ட்டிடம் வந்து கேட்டது: உண்மையிலேயே வீட்டுக்குள் நெருப்புப் பிடித்தால் எங்கள் அலாம் அடிக்குமா? தலைவி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தமிழ் வீட்டு அலாம்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடுகு தாளித்தால் கத்தும், மிளகாய் வறுத்தால் கத்தும். அதனால் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் பான்ட் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் குளிக்கும்போது தலைக்குப் போடுகிற தொப்பி.

ஆகவே எல்லா வீட்டிலும் ஏறி எல்லா அலாமையும் அமத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஒஃபிஸ் மனேஜரும் போர்ட்டில் ஒருவரும் போக வேண்டும். அந்த ஒருவர் நான். முதல்நாளே ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் கொடுப்பதும் என் வேலை.

நோட்டீஸ் கொடுத்த பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். வெள்ளைக்கார வீட்டில், பிலிப்பைன்ஸ் வீட்டில், "தாங்க் யூ" என்று வாங்கிக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் ஆட்கள் கடதாசியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்:

"என்ன அண்ணை, எல்லா அறையும் பாப்பினமோ?"

"அலாம் மட்டும்தான் தம்பி."

"அலாம் பாக்க ஏன் ரெண்டு பேர்?"

"ஒராள் ஏணியில ஏற, மற்றாள் ஏணியைப் பிடிக்க."

"ஓம் ஓம். உப்பிடித்தான் முதல்ல சொல்லுவினம்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுக் கதவுச் சங்கிலியைப் போட்டார். நான் படியால் இறங்கும்போது எனக்கே நெஞ்சு இடித்தது. வீடு வீடாக ஆட்கள் வருகிறார்கள், எல்லோரும் உள்ளே இருங்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறவனாக நான் இதற்கு முன் இருந்ததில்லை. அப்படிச் சொல்லப்பட்டு உள்ளே இருந்தவன்தான் நான்.

ஊரில் ஆமி சுற்றிவளைத்தால் ஆம்பிளைகள் எல்லோரையும் கோயில் வீதிக்குக் கொண்டுபோய் இருத்துவார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பி ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். ஜீப்புக்குள் சாக்கால் மூடின ஒரு ஆள் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கமாட்டான். தலையை ஆட்டினால் ஆளை ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்றுதான் சொல்லுவோம். நான் நடந்தபோது அந்தத் தலை அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் சைக்கிள் கடைக்காரர், ஒருவருக்கும் கெடுதல் செய்யாத மனிதர். அவருக்கு அசைந்தது. அவரைப் பிறகு ஒருவரும் காணவில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். தெரியாதவனுக்கு எங்களைத் தெரிந்திராதே.

நோட்டீஸ் கொடுத்து முடித்து வந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது கதவு மணி அடித்தது. மூன்றாவது வரிசை மூலை வீட்டுப் பெண். புருசன் செத்துப் போய்விட்டார், இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளோடு இருப்பவள். மிசிசாகாவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை, விடிய முதல் ஒரு வேனில் ஏறிப் போவாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"அங்கிள், நாளைக்கு பேஸ்மென்ற்றும் பாப்பினமோ?"

"ஓம் பிள்ளை. அங்கயும் ஒரு அலாம் இருக்கெல்லோ."

"ஃபேர்னஸ் ரூம்?" வீட்டைச் சூடாக்குகிற காஸ் அடுப்பு நிற்கிற அறையைத்தான் கேட்டாள்.

"அதுக்குள்ளயும்தான். ஏன் பிள்ளை?"

அவள் விரல்களைக் கோத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "சும்மா கேட்டனான். சரியான குப்பையாக் கிடக்கு, அதான்."

போய்விட்டாள். மனைவி சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "உவளின்ரை முகத்தைக் கண்டியளோ?" என்று கேட்டாள். கண்டேன். கண்டும் பின்னால் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவாள். அவள் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் போர்ட்டுக்குத் தெரிந்த மாதிரி. அந்த நீலச் சோபா என் கண்ணுக்குள் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு படுத்தேனே தவிர நித்திரை வரவில்லை.

அடுத்தநாள் காலை மனேஜர் ஏணியோடு வந்தாள். நல்ல உயரமான இளம் பெண், கையில் ஒரு நீளத் தடி. அதன் நுனியால் அலாமின் பொத்தானை அமத்தினால் ஏணியே தேவையில்லை. ஏணி பொத்தான் எட்டாத இடத்துக்கு. முதல் இரண்டு வரிசையும் சிரிப்போடு போயிற்று. ஒரு வீட்டில் அலாமுக்கு மேலே திருநீற்றுக் குறி. ஒரு வீட்டில் அலாமையே கழற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்து, அதன்மேல் வாழைப்பழச் சீப்பு. ஒவ்வொன்றுக்கும் மனேஜர் என்னைப் பார்ப்பாள், நான் "குக்கிங், குக்கிங்" என்பேன். அவள் தன் தலையில் கையை வைப்பாள். நான் சிரித்தேனே ஒழிய, மூன்றாவது வரிசை கிட்டக் கிட்ட மூலை வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூலை வீட்டில் மணி அடித்துக் கனநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மேல்மாடி சரி, குசினி சரி. பிறகு பேஸ்மென்ற்.

படியில் இறங்கும்போதே கண்டேன். கொடியில் ஒரு சாரம் காய்ந்துகொண்டிருந்தது, ஆம்பிளைகள் உடுக்கிற, நீலக் கட்டம் போட்ட சாரம். புருசன் இல்லாத வீட்டில். மனேஜர் அதை விலக்கிக்கொண்டு கீழே போனாள். அவளுக்கு அது ஒரு மேசைவிரிப்பு. அதற்குப் பிறகு என் கண் எனக்குச் சொந்தமாக இல்லை. பார்க்காதே என்று சொல்லச் சொல்லப் பார்த்தது. கதிரைக்குக் கீழே பெரிய செருப்பு. ஒரு தட்டில் பாதி சாப்பிட்ட புட்டு, ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. மூலையில் நிற்கிற ஃபேர்னஸ் அறைக்கதவு சாத்தியிருந்தது.

மனேஜர் கைப்பிடியைத் திருப்பினாள். திறக்கவில்லை.

"திறப்புத் துலைஞ்சு போச்சு" என்று மூலை வீட்டுப் பெண் இங்கிலிஷில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, குரலை மாற்றாமல், அதையே இன்னொருமுறை சொல்லுகிற மாதிரித் தமிழில் சொன்னாள்: "அங்கிள், அண்ணன் உள்ள நிக்கிறார். சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையளோட நான் எங்க போவன்?"

மனேஜர் என் பக்கம் திரும்பினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

அந்த நேரம் என் கழுத்து எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அசைத்தால் ஏதாவது அர்த்தமாகிவிடும் என்று கல்லு மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கீ... நோ கீ" என்று மட்டும் சொன்னேன். மனேஜர் சரி என்று சொல்லி, சுவரில் இருந்த அலாமைத் தடியால் அமத்தினாள்.

எங்கள் வீடுகளில் அலாம்கள் ஒன்றோடு ஒன்று தொடுத்தவை. ஒன்றை அமத்தினால் எல்லாம் கத்தும். மேலே கத்தியது, நடுவில் கத்தியது, பூட்டின அறைக்குள்ளும் கத்தியது. அதோடு உள்ளே ஏதோ தகரம் உருண்டு விழுகிற சத்தம். பிறகு ஒரு ஆம்பிளைக் குரல், சொல் இல்லாமல், அடிபட்டவன் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அலாம் நின்றது. உள்ளேயும் ஒன்றும் இல்லை.

மனேஜரின் முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது. அவளும் பிள்ளைதானே. நிலத்துக்குக் கீழே, பூட்டின கதவுக்குப் பின்னால் யாரோ ஒளிந்து நிற்கிறான், பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரும் விளங்காத பாஷையில் கதைக்கிறார்கள். பின்பக்கமாகவே இரண்டு படி ஏறிவிட்டாள். போனை எடுத்துவிட்டாள். பொலிஸ் என்ற சொல் எனக்கு விளங்கியது.

மூலை வீட்டுப் பெண் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பேசாமல் நின்றிருப்பேன். "நோ பொலிஸ்!" என்று கத்தினேன். "நோ பொலிஸ், மிஸ்! பிரதர்! ஹேர் பிரதர்! குட் மான்!"

கதவு தானாகத் திறந்தது. உள்ளே இருந்து பூட்டியிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், தங்கையின் ஸ்வெற்றரைப் போட்டிருந்தார், கை எட்டவில்லை. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே எங்கள் முன்னால் சீமெந்தில் முழங்காலில் இருந்தார். குனிந்து நிலத்தையே பார்த்தார். அதை அவருக்கு யாரும் அந்த இடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே பழகினது என்று எனக்குத் தெரியும்.

மனேஜர் போனைக் கீழே இறக்கினாள். "ஸ்ராண்ட் அப், சேர். பிளீஸ், சேர், பிளீஸ்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். அவர் எழும்பவில்லை. அவருக்கு அது விளங்கவில்லையோ, விளங்கியும் நம்பவில்லையோ. நான்தான் குனிந்து முழங்கையில் பிடித்தேன்.

"எழும்புங்கோ தம்பி. உது ஆமி இல்லை. அலாம் பாக்க வந்தனாங்கள்."

"ஆர் அண்ணை நீங்கள்?"

நான் போர்ட் என்று சொல்ல வாய் வரவில்லை. "முதல் வரிசையில இருக்கிறன்" என்றேன்.

அவர் வசந்தத்தில் விசிற்றர் விசாவில் வந்து, அகதிக் கோரிக்கை போட்டு, வழக்குக்குக் காத்திருந்தவர். கடதாசி எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் ஒளிக்க வேண்டிய ஆளே இல்லை. தங்கைக்கு வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூட்டுறவு வீட்டில் ஆள் கூடினது தெரிந்தால் வீடும் போகும், அண்ணன் வழக்கும் பழுதாகும் என்று. அவள் அதை நம்பி, ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அவரைக் கீழே அனுப்பியிருக்கிறாள். அவர் அந்த வீட்டின் முன்கதவால் வெளியே போனதே நாலைந்து தரம்தானாம்.

மனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். கண்டதைப் போர்ட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், அது தன் வேலை என்றாள். நியாயம்தான். ஆனால் கூட்டம் வர ஒரு கிழமைக்கு மேல் இருந்தது.

அந்த நாட்களில் கதை எனக்கு முன்னால் நடந்து போயிற்று. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் இரண்டு பேர் கதைத்தார்கள், எனக்குக் கேட்கட்டும் என்றே.

"உங்கை பார், டிரெக்டர் நிக்கிறார். வெண்டிக்காயெல்லாம் ஒளிச்சு வையுங்கோ."

"ஏனடாப்பா?"

"தெரியாதே? மூலை வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் குடுத்தது இவர்தானாம்."

திரும்பிப் பார்த்தேன். ஒருவன் எனக்குத் தெரிந்தவன், என் மகளின் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவன். கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மனைவி பகிடி விடவில்லை. வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துவிட்டுப் பருப்பை அடுப்பில் வைத்தாள்.

"நீங்கள் கத்தாட்டி பொலிஸ் வந்திருக்குமெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஏன் குனிஞ்சு கொண்டு இருக்கிறியள்?"

என் வாயிலிருந்து வந்த சொல்லுக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நல்லதுக்குச் சொன்னேனா கெட்டதுக்குச் சொன்னேனா என்பதைக் கூட்டத்தில் தூக்கப்போகிற கைகள்தான் சொல்லும்.

கூட்டத்தன்று மூலை வீட்டுப் பெண்ணும் அண்ணனும் வந்து வாசல் பக்கக் கதிரைகளில் இருந்தார்கள். நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கம். முன்னால் நடந்து வந்தவர்களை இருந்த இடத்திலிருந்து பார்க்கிற ஆளாக நான் இருந்தேன். மெசின் சுற்றி மேசை ஆடியது. என் கை ஆடுவது அதனால்தான் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று மேசையிலேயே வைத்திருந்தேன்.

போர்ட்டில் என்னைவிட வயது கூடின ஒருவர் இருந்தார், நடுவரிசை வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவர் கேட்டது எனக்கு முழுதாக விளங்கியது. அந்த நடுவரிசைக் குடும்பத்தை அனுப்பினோமே, இவர்களை விட்டால் அவர்களுக்கு என்ன பதில்? தலைவி அந்தப் பெண்ணைப் பார்த்து, உமது சகோதரன் என்றால் நாங்கள் விட்டிருப்போமே, ஏன் கேட்கவில்லை என்றார். அவள் என் பக்கம் பார்த்தாள். தலைவி என்னைப் பார்த்தார். நீர் சொல்லும் என்றார்.

என் இங்கிலிஷ் கடைக்குப் போகவும் பஸ்ஸில் ஏறவும்தான் காணும். எழும்பி நின்றேன். எழும்பத் தேவையில்லை, ஆனால் கால் எழும்பிவிட்டது.

"மை கன்றி, ஆமி கம்" என்றேன். "கவுன்ற் பீப்பிள். ஹவுஸ் ஹவுஸ். வன் எக்ஸ்ரா, ரேக். நோ கம் பாக். ஸோ... வீ நோ ஆஸ்க். வீ ஹைட்."

எங்கள் நாட்டில் வீடு வீடாக ஆள் எண்ண வருவார்கள், கணக்குக்கு மேல் ஒருவர் இருந்தால் கொண்டுபோவார்கள், போனவர் வரமாட்டார், அதனால் எங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, ஒளித்துத்தான் பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். வந்தது அவ்வளவுதான். பிறகு நடுவரிசை வெள்ளைக்காரரைப் பார்த்து, "தட் ஃபாமிலி, ஸ்ரேஞ்சர். ரென்ற். திஸ், பிரதர்" என்றேன். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

தலைவி கதிரையை வாசல் பக்கம் திருப்பினார். பிறகு அந்தப் பெண்ணிடம், இப்போது கேளும் என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்: "பிள்ளை, இப்ப கேக்கட்டாம். வாயால கேள்."

அவள் எழும்பினாள். அண்ணனின் தோளில் கையை வைத்துக்கொண்டு, தன் அண்ணன் தன்னோடு இருக்கலாமா என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கை தூக்குங்கள் என்றார் தலைவி. முதலில் அவருடைய கை. பிறகு போர்ட்டில் இருக்கிற பிலிப்பைன்ஸ் தாதியின் கை. பிறகு கொம்பியூட்டரில் எழுதுகிற இளைஞனின் கை. என்னுடையது எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது, பார்த்தபோது மேலே நின்றது. நடுவரிசைக்காரர் தூக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேவையும் இல்லை, நாலு போதும். வழக்கு முடியும்வரை அண்ணன் இருக்கலாம், பெயரைப் பதிய வேண்டும், ஃபேர்னஸ் அறைப் பூட்டைக் கழற்ற வேண்டும் என்று எழுதினார்கள். உள்ளே ஒரு ஆள் பூட்டிக்கொண்டு நின்றால் அந்த நெருப்புக்கும் காஸுக்கும் நடுவில் ஆளுக்கு என்ன நடக்கும் என்று மனேஜர் விளங்கப்படுத்தியபோதுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. காஸ் கசிந்திருந்தால் அலாமும் அடித்திராது, ஆளும் மிஞ்சியிராது.

வெளியே வந்தபோது அண்ணன் எனக்காக நின்றார்.

"கடையில கதைக்கிறாங்களாம், கேள்விப்பட்டன்" என்றார்.

"விடுங்கோ தம்பி."

"எனக்குத் தலையாட்டின ஆளை ஒருக்காப் பாத்தனான் அண்ணை. அவன் கதைக்கேல்லை. நீங்கள் கத்தினியள்." ஸ்வெற்றரின் கையை இழுத்துவிட்டார். "நல்லாக் கத்தினியள். எனக்கு இன்னும் காது அடைக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. முடிகிற நாளில் என்ன சொல்வார்களோ என்று அந்த வீட்டில் பயம், எங்கள் வீட்டிலும் பயம். கடையில் கதைத்தவன் என்னைக் கண்டால் இன்னும் வேறு பக்கம் பார்ப்பான். மணி அடித்தால் அண்ணன் இப்போதும் கதிரையால் எழும்பிவிடுவாராம். கீழே போகாமல் நிற்பதற்கு மேசையைப் பிடித்துக்கொள்வாராம். தங்கைதான் சொன்னாள்.

இந்த வருடமும் அலாம் பார்க்கப் போக வேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று இப்போதே எனக்கு நெஞ்சு இடிக்கிறது. ஸ்காபரோவில் மட்டுமில்லை, மார்க்கத்தில், மிசிசாகாவில், நான் காணாத பேஸ்மென்ற்றுகளில் எத்தனை பேர் இருப்பார்கள். எல்லா இடத்திலும் எங்கள் தலைவி மாதிரி ஆள் இருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு மூலை வீட்டுப் பெண் வாயால் கேட்டாள், கொடுத்தார்கள். அதற்கு முதல் ஒருநாளும் அவள் கேட்டதில்லை. எனக்கு எழுதிப் போட ஏலாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அண்ணனையோ மச்சானையோ வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஆட்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபேர்னஸ் அறைக்குள் மட்டும் ஆளை நிற்பாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நோட்டீஸ் வர முதலே போய்க் கேட்கச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் வரச் சொல்லுங்கள், கூடப் போகலாம். எனக்கும் பயம்தான் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.